கடனும் தானமும்

தொழிலில் நஷ்டம் நேரும்போது தானம் பெறுவது தகுமா? இக்கேள்விக்கு மும்பை கிர்காவ் பகுதியில் வாழ்ந்த ஏழு குஜராத்திப் பெண்கள் செயலால் விடையளித்தனர்.

1959 மார்ச் 15 அன்று, 80 ரூபாய் கடன் பெற்று, தாங்கள் வசித்த கட்டடத்தின் மொட்டைமாடியில் அவர்கள் அப்பளம் இடத் தொடங்கினர். பின்னாளில் ‘லிஜ்ஜத்’ என்று நாடறிந்த தொழில் அதுவே. நஷ்டமே வந்தாலும் நன்கொடை ஏற்பதில்லை என்று அவர்கள் உறுதி பூண்டனர்.

இது தன்மானம் மட்டுமன்று, தொழில் விவேகமும் ஆகும். தானம் நஷ்டத்தை ஈடுசெய்யும். கூடவே அதன் காரணத்தையும் மறைத்துவிடும். கடனோ கணக்குக் கேட்கும். எது விற்றது, எது வீணாயிற்று, விலை கட்டுபடியாயிற்றா என்று நாள்தோறும் வினவச் செய்யும். முதல் மழைக்காலத்தில் அப்பளம் உலராமல் வேலை நின்றது. அடுத்த ஆண்டு கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பு வைத்து உலர்த்தினர். குறையை நேர்நின்று நோக்கியதால் வழி பிறந்தது.

சுயதொழில் புரிவோர் திருப்பித் தர இயன்ற அளவே கடன் பெற வேண்டும். வீட்டுச் செலவையும் தொழில் வரவையும் தனித்தனியே எழுத வேண்டும். பசித்தவன் தானம் பெறுவதில் இழிவில்லை. ஆனால் உழைக்க வல்லவனுக்குத் தேவை இரக்கமன்று, நம்பிக்கை. கடன் என்பது பிறர் நம்மீது வைத்த நம்பிக்கை. அதைத் திருப்பித் தருவதே அறம்.