ஆழம் மட்டும் பழையது

திருகோணமலை என்ற பெயரோடு ஒரு போர்க்கப்பல் 1817 இல் பம்பாயில் நீரில் இறங்கியது. மலபார்த் தேக்கில் அதைக் கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. அப்போது நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட் உயிரோடு இருந்தார். நீராவி கடலுக்கு வரத் தொடங்கியிருந்தது. ஒரு கலை உச்சத்தில் நிற்கும்போதே அதன் மாற்று எங்கோ பட்டறையில் புகைந்துகொண்டிருக்கிறது.

தச்சர் குடும்பமென்றால் உளியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். அழவில்லை. அதே வாடியா வழியில் வந்த அர்தசீர் கர்செட்ஜி நீராவி இயந்திரத்தைக் கற்றார். 1841 இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முதல் இந்திய உறுப்பினரானார். தொழிலை நேசித்தவர் கருவியை மாற்றிக்கொண்டார். கருவியை மட்டும் நேசித்திருந்தால் தொழிலே கைவிட்டுப் போயிருக்கும்.

காற்று போய் நிலக்கரி வந்தது. நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களும் அப்படி வந்தவைதான். ஒவ்வொரு கண்டுபிடிப்பாளரும் கப்பலை மாற்றினார், கடலை அல்ல. எங்கள் துறைமுகத்தின் ஆழத்தை யாரும் கண்டுபிடித்துத் தரவில்லை. ஆனால் வந்த ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அந்த ஆழத்தை நம்பித்தான் நங்கூரம் போட்டது.

உட்துறைமுக வீதியால் போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அந்தத் தேக்குக் கப்பல் இங்கில்லை. இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் இன்னும் மிதக்கிறது.