கலயமும் கோப்பையும்

நன்றாகச் செய்யப்பட்ட பொருள் நல்ல பொருள் ஆகிவிடுமா என்னும் வினா மிகப் பழைமையானது. பூட்டை நுட்பமாகச் செய்த கொல்லனைப் பாராட்டுகிறோம். அதே நுட்பத்தோடு கள்ளச் சாவி செய்தவனைச் சிறையில் அடைக்கிறோம். இருவர் கையிலும் இருந்தது ஒரே திறன்தான். இவ்வினாவை ஈண்டு மதுவின்மேல் வைத்து ஆராய விழைகிறேன். ஆசிரியரும் மாணவரும் படிக்கும் தொகுப்பில் மதுவைப் பற்றிய பேச்சா என்று எவரும் முகம் சுளிக்க வேண்டா. தோட்டப்புறப் பள்ளியில் பணியாற்றிய எவரும் இப்பொருளைக் கடந்து சென்றிருக்க முடியாது. சம்பள நாளுக்கு மறுநாட் காலையில் தூக்கம் கெட்ட மாணவனின் கண்கள் வழியாக அது வகுப்பறைக்குள் வந்து அமர்ந்துவிடும்.

மேலைநாடுகளில் வீட்டிலேயே பீர் வடித்தல் ஒரு கலையாகப் போற்றப்படுகிறது. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டு அதிபர் கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம், தம் வீட்டுத் தேவைக்குப் பீர் வடிப்போர்க்கு வரிவிலக்கு அளித்தது. மறு ஆண்டே நாடு தழுவிய போட்டி தொடங்கிற்று. 1985-இல் நடுவர்களுக்கே தேர்வு வைத்துச் சான்று வழங்கும் அமைப்பும் தோன்றியது. இப்போட்டிகளில் கைதேர்ந்தோரையும் சோதிப்பது ஜெர்மானிய வகை லாகர் என்பர். வெளிர்நிறமும் மென்சுவையும் உடைய அப்பானத்தில் சிறு குற்றமும் மறைந்து நிற்க இடமில்லை.

அதன் செய்முறை பொறுமையைக் கேட்பது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்தெடுத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின்னர் ஈஸ்ட் இட்டு நொதிக்க விடுவர். நொதித்தல் 10 பாகை செல்சியசை ஒட்டிய குளிரில் மெல்ல நடைபெற வேண்டும். அதன் பின் உறைநிலையை நெருங்கிய குளிரில் பல வாரங்கள் அசையாது கிடக்க வேண்டும். லாகர் என்னும் ஜெர்மானியச் சொல்லே கிடங்கில் வைத்துப் பாதுகாத்தலைக் குறிப்பது. 1516-ஆம் ஆண்டில் பவேரிய நாட்டு ஆணை வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் என்னும் மூன்றனையன்றிப் பிறிதொன்றும் பீரில் சேரலாகாது என்றது. 1553-இல் வந்த ஆணையோ ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை, அஃதாவது கோடைக்காலம் முழுவதும், பீர் வடிக்கவே கூடாது என்றது. அவ்வாணை நம் பெடாஸ் வட்டாரத்திற்கு வந்திருப்பின் ஆண்டு முழுவதும் அடுப்பு அணைந்தே இருந்திருக்கும். இங்கே நிலத்தடியிலிருந்து வருவதும் வெந்நீர் ஊற்றுத்தான்!

போட்டியில் நடுவர் முன் வருவது பெயரற்ற கோப்பை. எண் ஒன்றே அதன் அடையாளம். வடித்தவர் மருத்துவரா, லாரி ஓட்டுநரா என்பது நடுவர்க்குத் தெரியாது. மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, முழுமைக்கு 10 என 50 புள்ளிகள். புள்ளியோடு காரணமும் எழுத வேண்டும். வெண்ணெய் நெடி வீசினால், நொதித்தல் நிறைவுறுமுன் குளிரூட்டப்பட்டிருக்கலாம் என்று திருத்தமும் கூற வேண்டும். நம் விடைத்தாள்களில் சிவப்பு மையால் இத்தகைய குறிப்பு எத்தனை எழுதுகிறோம் என்பதைத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இனி நம் தோட்டத்துத் தென்னை மரத்தடிக்கு வருவோம். கள் இறக்கியவரின் தொழில் இதனினும் எளியதன்று. விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, நுனியை மெல்லியதாகச் சீவி, சொட்டுச் சொட்டாக இறங்கும் சாற்றைக் கலயத்தில் ஏந்த வேண்டும். காலையும் மாலையும் மரம் ஏறியாக வேண்டும். தட்டு மிகுந்தால் பாளை நசுங்கும். குறைந்தால் சாறு சுரக்காது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று, கையும் ஒன்று. நொதிப்பதற்கு வாரங்கள் வேண்டா, சில மணிப்பொழுதே போதும். ஒரு நாள் கடந்தால் புளித்துக் காடியாகிவிடும். கள்ளிலும் லாகரிலும் உள்ள வெறியச் செறிவு ஏறத்தாழ ஒன்றே. நூற்றுக்கு நாலைந்து பங்கு.

ஆயினும் இவர்க்கு எவரும் 50-க்கு இத்தனை என்று புள்ளி இட்டதில்லை. 1930-களில் ஜெர்மானிய முதலீட்டில் சிங்கப்பூரில் எழுந்த ஆலை ஆங்கர் என்னும் பீரை வடித்தது. துரைமார் தம் மன்றத்தில் குளிர்ந்த பீர் அருந்தினால் அது நாகரிகம். பால்மரம் வெட்டிய கை கள்ளுக் குவளையைப் பற்றினால் அது இழிவு. பீரைச் சுவை கொண்டு அளந்தனர். கள்ளை மட்டும் குடித்து விழுந்தவனைக் கொண்டு அளந்தனர். இரண்டும் வேண்டிய அளவுகோல்களே. ஒன்றை ஒருவர்க்கும் மற்றொன்றை மற்றவர்க்கும் ஒதுக்கியதே அநீதி. அவ்வநீதி பழங்கதையுமன்று. தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் கள் இறக்கத் தடை உள்ளது. ஆலையில் வடித்த பீரையோ, 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே கடை வைத்து விற்று வருகிறது.

நம் இலக்கியத்திலும் இரு குரல்கள் உண்டு. அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்ட அன்பை நினைந்து ஔவையார் புறநானூற்றில் உருகுகிறார். மூங்கிற் குழாயில் நாட்பட விளைந்த தேறலைச் சங்கப் புலவர் பாடினர். நம் முன்னோரின் லாகர் என்று அதனைக் கூறின் மிகையாகாது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் மாணவர்க்குக் கற்பித்தல் முறையன்று.

அவ்வாறாயின் வீட்டில் லாகர் வடிப்பவரும் தோட்டத்துக் கள்ளுக்கடையும் ஒன்றா? அன்று என்பேன். வேறுபாடு பானத்தில் இல்லை. போட்டி நடுவர் ஒவ்வொரு கோப்பையிலும் சில மிடறே சுவைக்கிறார். அதற்கு மேல் அருந்தினால் நாவு மழுங்கும்; தீர்ப்பு பிழைபடும். நிறுத்துவதே அவர் தொழிலின் உயிர். கள்ளுக்கடையின் வருவாய், குடிப்பவன் நிறுத்தாமையில் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடையின் ஆதாயத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட்டனர் என்று சிலர் அமைதி கூறுவர். தொழிலாளியின் பையிலிருந்து எடுத்து, அவன் நலத்தைக் கெடுத்து, எஞ்சியதை அவன் நலநிதிக்கு வழங்குவது என்ன கணக்கோ, எனக்கு விளங்கியதில்லை. 1947-இல் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தபோது, அவர்கள் எதிர்த்தது பாளை சீவிய கையை அன்று, அக்கணக்கையே. பெரியார் 1920-களின் தொடக்கத்தில் கள்ளுக்கு எதிராகத் தம் தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டினார். மரம் என்ன பிழை செய்தது என்று கேட்கலாம். ஆனால் அவர் வெட்டியது தம் சொந்த வருவாயை. மதுவால் பொருளீட்டிக்கொண்டே மதுவிலக்குப் பேசுவோரை அந்த வெட்டு இன்றும் நாணச் செய்யும்.

இங்கு ஒரு தடை எழும். மதுவின் நயம் பாராட்டுவோர், தாம் எல்லைக்குள் நின்றாலும், எல்லை தாண்டுவோர்க்கு வழி திறக்கிறார் அல்லரோ? இத்தடையில் உண்மை உண்டு. குடிப்பழக்கம் சிலரை நயம் அறியும் முன்னரே விழுங்கிவிடுகிறது. அவர்க்கு ஒரு மிடறும் மிகுதியே. மலேசியாவில் 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமமின்றி மது வடித்தல் குற்றமாகும். நான் அச்சட்டத்தைத் தளர்த்துமாறு வாதிடவில்லை, குடியையும் பரிந்துரைக்கவில்லை. என் கவலை வேறு. மதுவின் தீமை என்று ஆண்டுதோறும் நாம் கட்டுரை எழுதச் சொல்கிறோம். மாணவர் மனப்பாடம் செய்த நான்கு பத்திகளை எழுதித் தருகின்றனர். அவர்களுள் ஒருவனுடைய பாட்டனார் மரமேறியாக இருந்திருப்பார். முப்பதடி உயரத்தில் பிடிமானமின்றி நின்று பாளை சீவிய அம்மனிதரை, நம் தலைப்பு குற்றவாளியாக்கிவிடுகிறது. பேரன் அவரைப் பற்றி வாய் திறவாமல் நல்ல புள்ளி பெறுகிறான்.

ஆதலால் இவ்வாண்டு எம் பள்ளியில் அத்தலைப்பை மாற்றினோம். 'எங்கள் தோட்டத்தில் இருந்த கள்ளுக்கடை: வீட்டுப் பெரியோரைக் கேட்டறிந்து எழுதுக' என்று கொடுத்துள்ளோம். பாட்டனாரிடம் மட்டுமன்றி, சம்பள நாளிரவில் வாயிற்படியில் காத்திருந்த பாட்டியாரிடமும் கேட்க வேண்டும் என்று கூறியுள்ளோம். கட்டுரைகள் இன்னும் வந்து சேரவில்லை.