இரைச்சலில் உழைப்பவரின் செவியும் அமர்த்தியவரின் கடமையும்

தீங்கு நேரக்கூடிய இடத்தில் ஒருவரை வேலைக்கு அமர்த்தியவர், அத்தீங்கைத் தடுக்கும் கருவியொன்றை அவர் கையில் கொடுத்துவிட்ட அளவிலேயே தம் கடமையிலிருந்து விடுபடுகிறாரா என்னும் அறவியல் வினா, விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலில் மிகக் கூர்மையாக எழுகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர் போன்ற ஊர்களில் ஊடைநூலைச் சுமந்து நாடா ஓடும் பழைய வகைத் தறிகள் நெருக்கமாக இயங்கும் கூடங்களில் ஒலியளவு 90 டெசிபெலைத் தாண்டுவது வழக்கம். டெசிபெல் மடக்கை அளவு என்பதால், 3 டெசிபெல் கூடினாலே செவியில் சேரும் ஒலியாற்றல் இருமடங்காகிவிடும். ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் உட்செவி மயிர்ச்செல்கள் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அடிபட்டு அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை.

இத்தீங்கு புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாட்சினி, வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்கள் செவிடாவதை 1700இல் எழுதிய நூலில் குறித்தார். கிளாஸ்கோ நகரில் கொதிகலன் செய்வோரின் கேட்கும் திறனைத் தாமஸ் பார் 1886இல் ஆராய்ந்தார். இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாக இடம்பெற்றது. ஆகவே அறியாமையைக் காரணம் காட்ட எவருக்கும் இடமில்லை.

எஞ்சுவது இசைவு பற்றிய வாதம்: காதடைப்பானைக் கொடுத்தும் தொழிலாளி அணியவில்லையெனில் அது அவர் தேர்வு என்பர். ஒருவரின் சொந்த நன்மைக்காக அவரை வற்புறுத்தலாகாது என்று 1859இல் வாதிட்ட மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லை இவ்வாதத்துக்குத் துணையாகக் கொள்ள இயலும். ஆயினும் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தை, அது சுதந்திரத்தையே ஒழித்துவிடுவதால், மில்லும் ஏற்கவில்லை. மீளாத இழப்புக்குத் தரும் இசைவை மற்ற இசைவுகளைப் போல எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அவர் வாதமே உணர்த்துகிறது. மேலும், தறி ஓட்டுபவர் மறுப்பதற்குத் தக்க காரணம் இருக்கக்கூடும். நாடா தடுமாறுவதையும் தறியின் ஓட்டம் பிசகுவதையும் அவர் ஒலியாலேயே அறிகிறார். நெய்த மீட்டருக்கே கூலி என்னும்போது அவ்வொலியை இழப்பது வருமானத்தை இழப்பதாகும். கொடுக்கப்பட்ட கருவி அவருக்குப் பொருந்தியதா என்று கேளாமல் அவர் மறுப்பைக் குற்றமாக்குவது அநீதி.

பொருத்தம் என்பது இங்கு நுட்பமான கணக்கு. 30 டெசிபெல் குறைக்கும் காதடைப்பானை எட்டு மணி நேர வேலையில் பாதி நேரம் கழற்றி வைத்தால், நாள் முழுமைக்கும் கிடைக்கும் காப்பு ஏறத்தாழ 3 டெசிபெல்தான். 48 நிமிடம் மட்டும் கழற்றினாலும் காப்பு 10 டெசிபெலுக்குச் சுருங்கிவிடும். எனவே உறையில் அச்சிட்ட டெசிபெல் எண் பெரிதாக இருப்பதைவிட, வேலைநேரம் முழுவதும் அணியத்தக்கதாக இருப்பதே முதன்மையானது. செவிக்குள் சேரும் ஒலி 70 முதல் 80 டெசிபெலுக்குள் அமைவது நல்லது என்று ஐரோப்பியத் தர வழிகாட்டி கூறுகிறது. அதற்கும் கீழே குறைப்பது மிகைக் காப்பு, அதாவது எச்சரிக்கை ஒலியையும் மனிதக் குரலையும் மறைத்துத் தொழிலாளியைத் தனிமைப்படுத்தும் காப்பு. 98 டெசிபெல் உள்ள கூடத்தில் 20 முதல் 25 டெசிபெல் மெய்யாகக் குறைந்தால் போதும். உறையில் உள்ள ஆய்வுக்கூட எண் நடைமுறையில் கிட்டுவதில்லை என்பதால், நுரை வகைக்கு அதைப் பாதியாகக் கொள்ளுமாறு அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் அறிவுறுத்தியது. நுரை அடைப்பானைத் தூய கையால் மெல்லியதாக உருட்டி, காதுமடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். எண்ணெயும் பஞ்சுத் தூசியும் படிந்த கைகளுக்குக் கழுவிப் பயன்படுத்தும் ரப்பர் வகையே ஏற்றது. காதை முழுதும் மூடும் கவசம் அணிய எளிதெனினும் கோடையின் வியர்வையில் நெடுநேரம் அணிந்திருப்பது கடினம். வழக்கத்தில் பலர் செருகிக்கொள்ளும் பஞ்சு மிகச் சிறிதளவே காக்கும்.

செவியை அற, சமய மரபுகள் எவ்வளவு உயர்வாக மதித்தன என்பதும் இங்கு எண்ணத்தக்கது. திருக்குறள் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்தே கேள்வி அதிகாரத்தை வைக்கிறது. பவுல் உரோமையர்க்கு எழுதிய மடலில் நம்பிக்கை கேட்பதால் பிறக்கிறது என்கிறார். குர்ஆன் ஓதிக் கேட்கப்பட்டே பரவியது. இம்மரபுகளின்படி செவி, பிறர் ஒருவரை வந்தடையும் வாயில். அவ்வாயிலில் இரைச்சல் முதலில் சிதைப்பது 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறனை. அதனால் குரல் கேட்டும் மெய்யொலிகள் தெளியாமல், சொல் விளங்காமல் போகிறது. வீட்டார் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்து, நாளடைவில் தொழிலாளியிடம் பேசுவதையே குறைத்துக்கொள்கின்றனர். இழப்பு அவர் மனைவி மக்களுக்கும் உரியதாகையால், தொழிலாளி ஒருவரின் இசைவு அதனை முழுதும் நியாயப்படுத்தாது.

மனிதரை வெறும் கருவியாக நடத்தலாகாது என்று 1785இல் மெய்யியலாளர் காண்ட் வகுத்த நெறியை இங்குப் பொருத்தினால், இயந்திரத்தின் குறையைத் தொழிலாளியின் காதில் சரிசெய்ய முனைவது முறையன்று. தேய்ந்த பாகங்களை மாற்றுவதும், தறிக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் வைப்பதும், இயன்றவிடத்து நாடாவில்லாத் தறிக்கு மாறுவதும் முந்தியவை. காதடைப்பான் அவற்றுக்குப் பின்னரே வருவது. சில தறிகள் மட்டுமே கொண்ட உரிமையாளருக்கு இவை எல்லாம் எளிதல்ல என்பது உண்மை. பலர் தாமும் அதே இரைச்சலில் நிற்பவர்களே. இருப்பினும் இரண்டு மூன்று வகைகளை வாங்கி, தறி ஓட்டுபவரையே அணிந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கச் செய்து, செருகும் முறையைக் கற்பித்து, சில நாள் கழித்து எது உறுத்துகிறது, தறியின் ஒலி தெரிகிறதா என்று கேட்டு மாற்றித் தருவது சிறு கூடத்திலும் இயலும். அதைச் செய்யாதவர், அடைப்பானைக் கொடுத்தேன் என்று சொல்வதால் கடமையிலிருந்து விடுபடுவதில்லை.