பேச்சுக் கேட்டல்

வீட்டு நாய் அடங்காமல் போகும்போது 'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்று வளர்ப்போர் குறைகூறுவது வழக்கம். காதால் கேட்பதையும் சொன்னபடி நடப்பதையும் இவ்வாறு ஒரே வினையில் அடக்கும் இயல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கீழ்ப்படிதலைக் குறிக்கக் கிழக்குத் திருச்சபைகள் ஆளும் 'ஹுபகோயே' என்னும் கிரேக்கச் சொல்லும் கேட்டலைச் சுட்டும் வேரிலிருந்தே பிறந்தது. துறவியர் மட வாழ்வை முறையாக ஏற்கும்போது, தம் விருப்பத்தை ஒடுக்கி மற்றவர் சொல்லுக்குச் செவிசாய்ப்பதாக வார்த்தைப்பாடு கொடுக்கின்றனர், அதாவது கடவுள் முன் உறுதிமொழி ஏற்கின்றனர். அத்தகைய உறுதிமொழி எதையும் தந்திராத, முப்பது நாற்பது கிலோ எடையுள்ள, சினந்தால் வீட்டாரையே கடிக்கக்கூடிய ஒரு விலங்கிடம் கீழ்ப்படிதலை எந்த உரிமையில் எதிர்பார்ப்பது என்பது எளிதில் தீராத கேள்வி.

இக்கேள்வி ஒரு மடத்திலேயே சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரை அடுத்து அமைந்துள்ள, 1966-இல் தொடங்கப்பட்ட நியூ ஸ்கீட் மடத்தின் துறவியர் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை இனப்பெருக்கம் செய்து, பிறர் வளர்க்கும் முரட்டு நாய்களையும் பழக்கி வந்தனர். அவர்கள் உணவருந்தும் வேளையில் நாய்கள் அருகிலேயே அமைதியாகப் படுத்திருக்கும். 1978-இல் அவர்கள் வெளியிட்ட பயிற்சி நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. எதிர்த்து நிற்கும் நாயை மல்லாக்கப் புரட்டி, அது அடங்கும்வரை அழுத்திப் பிடிக்கும் முறையை அந்நூல் பரிந்துரைத்தது. ஓநாய்க் கூட்டத்தின் தலைமை விலங்கு தனக்குக் கீழ்ப்பட்டவற்றை அவ்வாறே அடக்குகிறது என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை.

அந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சியகத்தில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கண்டு ருடால்ஃப் ஷெங்கல் என்னும் ஆய்வாளர் 1947-இல் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து அது. டேவிட் மெக் என்னும் அறிஞரின் 1970-ஆம் ஆண்டு நூல் அதை மேலும் பரப்பியது. ஆனால் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை நெடுங்காலம் கவனித்த அவரே, கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று 1999-இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்தினார். துறவியரும் 2002-இல் வெளிவந்த திருத்திய பதிப்பில் அந்த முறையைக் கைவிட்டனர். மனந்திரும்புதலைக் குறிக்கும் 'மெட்டனோயா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு எண்ணத்தை மாற்றிக்கொள்ளுதல் என்பதே நேர்ப்பொருள். பல பதிப்பு கண்ட நூலில் அதைச் செய்துகாட்ட ஆசிரியர் பலருக்கு மனம் வருவதில்லை.

வன்முறை கீழ்ப்படிதலைத் தருவதில்லை என்பதோடு, அது அஞ்சிய விலங்கை மேலும் சீற வைக்கவும் கூடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோர் அல்லது உதைத்தோருள் 43 விழுக்காட்டினரும், மல்லாக்கப் புரட்டியோருள் 31 விழுக்காட்டினரும் தம் நாய் பதிலுக்குச் சீறியதாகக் கூறினர். விவிலியத்தின் ஆதியாகமம் மனிதருக்கு அளித்த ஆளுகையை இந்த அழுத்திப்பிடித்தலுக்குச் சான்றாகக் காட்டுவோர், ஆள்வதையும் நசுக்குவதையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.

உறுமலே நாயின் பேச்சு. அச்சம், வலி, உணவைப் பறிகொடுப்போமோ என்ற கவலை ஆகியவற்றை அது கடிப்பதற்கு முன் உறுமித் தெரிவிக்கிறது. உறுமியதற்காக அடிவாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிட்டு, எச்சரிக்கையின்றிக் கடிக்கும் நாயாக மாறலாம். இதனால் கடிக்கும் நாயை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்று ஆகாது. வலி ஏதும் உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும், குழந்தைகளிடமிருந்து விலக்கிக் கட்டிவைப்பதும், வெளியே கொண்டுசெல்லும்போது வாய்க்கூடு பூட்டுவதும் வளர்ப்பவரின் கடமைகள்.

விலங்கால் நேரும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்பதை யாத்திராகமத்தின் 21-ஆம் அதிகாரம் முட்டும் மாட்டை வைத்துப் பேசுகிறது. மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் அது கல்லெறிந்து கொல்லப்படும், உடையவர்மீது பழியில்லை. ஆனால் அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவர் கட்டிவைக்காதிருந்தால், அவரும் மரண தண்டனைக்கு உரியவராகிறார். பின்வந்த யூதச் சட்ட அறிஞர்கள், முட்டும் பழக்கமில்லாத மாட்டைத் 'தாம்' என்றும், அது முட்டுவதாக உடையவர் மும்முறை எச்சரிக்கப்பட்ட மாட்டை 'முஆத்' என்றும் பிரித்து, அது விளைவிக்கும் சேதத்துக்கு முன்னதில் பாதி இழப்பீடும் பின்னதில் முழு இழப்பீடும் விதித்தனர். மாடு பேச்சுக் கேட்டதா என்று அச்சட்டம் விசாரிப்பதில்லை. அதன் விசாரணை எல்லாம் உடையவருக்குச் சொல்லப்பட்டதா, சொல்லப்பட்ட பின் அவர் என்ன செய்தார் என்பதைப் பற்றியதே.