ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துபோகிற விளையாட்டு

போன மாதம் சமய வகுப்பு முடிந்து, தானா ராத்தா பெரிய சாலையில் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். வெளியே மழை, உள்ளே ஏழெட்டுப் பேர். ஐந்தாம் படிவம் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுபோற கேமுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா? திரும்ப விளையாட அதுல என்ன இருக்கு?"

அவன் கேட்டது 'வெண்பா'வைப் பற்றி. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையில் வந்த வீடியோ கேம் அது. கனடாவின் டொரொண்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற சின்ன நிறுவனம் செய்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின், இவர்கள்தான் கதை. வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. அது கிழிந்து, கறை படிந்து, பாதி எழுத்து போய்விட்டது. விட்டுப்போன அந்த இடத்தை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். இட்லி, புட்டு, பிரியாணி. துப்பாக்கி கிடையாது, புள்ளி கிடையாது, தோற்கவும் முடியாது. 2024இல் சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருது இதற்குத்தான் கிடைத்தது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் இட்லிச் சட்டி இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஆனால் பெருமை வேறு, காசு வேறு. தம்பி கேட்டது காசைப் பற்றி.

அவன் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் அதன் விலை 14.99 டாலர். அதை வெள்ளியில் மாற்றினால் எத்தனை நாள் சாப்பாடு என்று எண்ணிப் பார்க்கிற வீடுதான் எங்களுடையதும். காசுள்ளவன் "கலைக்கு நேரக் கணக்கு பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். சனி ஞாயிறில் காய்கறித் தோட்டத்தில் பெட்டி தூக்கிச் சேர்த்த பணத்தை வைத்திருப்பவனிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூறு மணி நேரம் விளையாடக்கூடியதை வாங்குவதுதான் அவனுக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. அதில் குற்றம் காண என்ன இருக்கிறது?

திரும்பத் திரும்ப விளையாடுவதும் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார்களின் பல்லாங்குழியும் மலாய்க்கார அண்டை வீட்டாரின் சொங்காக்கும் ஏறக்குறைய ஒரே ஆட்டம்தான். குழியும் முத்தும் மாறுவதில்லை, ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் வேறு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுகிறோம், விடியும் வரை அதே பலகைதான். 'மொபைல் லெஜெண்ட்ஸ்' ஆட்டமும் இதே வகை. அதன் முதல் உலகப் போட்டி 2019இல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவன் மாறுகிறான், அதனால் ஆட்டமும் மாறுகிறது.

இது மாறுவதால் வரும் ருசி. மாறாமலே வரும் ருசியும் ஒன்று உண்டு. கந்த சஷ்டியில் சூரன் விழுவான் என்று தெரியாமலா கோவிலுக்குப் போகிறோம்? முடிவு தெரிந்த கதையை வருஷா வருஷம் கழுத்தை நீட்டிப் பார்க்கிறோம். கும்பகோணத்துப் பெருமாளுக்கு ஆராவமுதன் என்றே பேர். எவ்வளவு பருகினாலும் தெவிட்டாதவன், போதும் என்று தோன்றாதவன். ஆகவே 'திரும்ப வரத் தோன்றுகிறதா?' என்று கேட்பது கேவலமான கேள்வி இல்லை. நம் பக்தியே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்ததுதான்.

அப்படியானால் தம்பி ஜெயித்துவிட்டானா? நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் என் சொந்தக் கதை ஞாபகம் வந்தது.

சில வருஷங்களுக்கு முன் கைப்பேசியில் ஒரு பண்ணை விளையாட்டு விளையாடினேன். பெயர் வேண்டாம், அந்த மாதிரி நூறு இருக்கிறது. முட்டைக்கோஸ் நடணும், தண்ணி ஊத்தணும், சரியான நேரத்துக்கு அறுக்கணும். தவறினால் வாடிவிடும். தினமும் உள்ளே போனால் ஒரு பரிசு, ஏழு நாள் விடாமல் போனால் பெரிய பரிசு. கேமரன் மலையில், சுற்றிலும் நிஜ முட்டைக்கோஸ் விளைகிற ஊரில், இல்லாத முட்டைக்கோஸை அறுக்க மணி அடித்து ராத்திரி மூன்று மணிக்கு எழுந்தேன். சிரிக்காதீர்கள். எட்டு மாதம். அந்த விளையாட்டின் 'மறுபடி விளையாடும் மதிப்பு' எவ்வளவு என்று கேட்டால் வானளவு. ஆனால் ஒரு நாள்கூட அதை ஆசைப்பட்டுத் திறந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வாடிவிடுமே என்ற பயத்தில்தான் திறந்தேன்.

அந்த மூன்று மணிக்கு நான் படுத்தால், நாலரைக்கு அம்மா எழுந்திருப்பார், தேயிலைக் காட்டுக்குப் போக.

அம்மா 27 வருஷம் கொழுந்து எடுத்தவர். ஒரு செடியில் எடுத்தால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் அதே செடிக்கு மறுபடி வர வேண்டும். கணக்குப் போட்டால் ஒரே செடிக்கு 400 தடவைக்கு மேல் போயிருக்கிறார். இப்போது அந்த வேலையில் பெரும்பாலும் வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், பல இடங்களில் இயந்திரமும் வந்துவிட்டது. சுற்றுலா வருபவர்கள் பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கிறது என்று படம் எடுக்கிறார்கள். அம்மாவுக்கு அது திரும்பத் திரும்ப வந்த வேலை. எத்தனை தடவை என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் கோவிலும் தேயிலைச் செடியும் என் முட்டைக்கோஸும் ஒரே கணக்கில் வந்துவிடும். எங்கேயோ தப்பு இருக்கிறது, இல்லையா? திரும்ப வருகிறோமா என்பது பாதிக் கேள்விதான். கூப்பிட்டது யார், எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பது மீதிப் பாதி.

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்துத் திடலில் திரை கட்டி 'திருவிளையாடல்' படம் போட்டார்களாம். 1965இல் வந்த படம், இங்கே வந்து சேரப் பல வருஷம் ஆகியிருக்கும். ஒரே தடவைதான் பார்த்தார், அதுவும் பாதியில் தூறல். இன்றைக்கும் காட்சி காட்சியாகச் சொல்வார். அப்புறம் தொலைக்காட்சியில் எத்தனையோ தடவை வந்தது. "அன்னைக்குப் பார்த்த மாதிரி இல்ல" என்று எழுந்து போய்விடுவார்.

படத்தின் பேரையே பாருங்கள். இறைவன் உலகைப் படைத்தது ஏதோ ஒரு பலனை வேண்டி அல்ல, அது வெறும் லீலை என்று பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சூத்திரம் சொல்கிறது. தேவை இருந்து செய்தால் அது வேலை. தேவை ஏதும் இல்லாமல் நிறைவிலிருந்து வருவதுதான் விளையாட்டு. "இதில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?" என்று கேட்கும்போது விளையாட்டை வேலையின் தராசில் வைக்கிறோம், கொழுந்துக் கூடையை நிறுக்கிற மாதிரி. (இதை மேற்கோள் காட்டி அப்பாவிடம் கேம் வாங்கக் காசு கேட்காதீர்கள். உதை விழுந்தால் நான் பொறுப்பில்லை.)

நான் 'வெண்பா'வை ஒரே இரவில் முடித்தேன். மறுபடி திறக்க எனக்கும் ஒன்றும் இல்லைதான். புதிரின் விடை தெரிந்துவிட்டது, கதை தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இட்லிக் கட்டம் வந்தது. நான் வேண்டுமென்றே தட்டைத் தப்பாக அடுக்கினேன்.

"டேய், மேல் தட்டுக் குழி கீழ்த் தட்டுக் குழிக்கு நேரா நிக்கக் கூடாது. மாத்தி வை. ஆவி எப்படிப் போகும்?"

கணினித் திரையைப் பார்த்து அம்மா திட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. புட்டுக்கும் அப்படியே. நோட்டில் அழிந்துபோன வரிகளையெல்லாம் அம்மா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். விளையாட்டு எனக்கு வைத்த புதிர் அவருக்குப் புதிரே இல்லை.

அப்புறம் கவின் வளர்கிறான். அம்மா தமிழில் கேட்க அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டாம் படிவம் படிக்கும்போது, பள்ளி வாசலில் என் கூட்டாளிகள் முன்னால் தமிழில் கூப்பிட்ட அம்மாவிடம், "இங்க வராதீங்க, அங்கேயே நில்லுங்க" என்று மலாயில் சொன்னவன் நான். அம்மா தோட்டத்து உடுப்பில் இருந்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசியதில்லை.

"போதும்டா, மூடு" என்றார். மூடினேன். பாதிக் கதைகூட ஆகவில்லை.

கடையில் தம்பியிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. "என்கிட்ட இருக்கு, வந்து விளையாடிப் பாரு. காசு மிச்சம்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அம்மா பத்து நாள் கழித்து, இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்? அம்மாகிட்ட வந்தானா?"

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கும்மா. வாங்க, பார்த்துடலாம்."

"இப்ப வேணாம். தீபாவளி வேலை கெடக்கு. முடியட்டும்."

அம்மா நிறுத்திய இடத்திலேயே அது நிற்கிறது. நான் தொடவில்லை.