முன்குறியும் நற்காட்சியும்



பௌத்தக் கூட்டத்தில் துப்பாக்கியைப் பற்றிப் பேசலாமா என்று உங்களுள் சிலர் ஐயுறக்கூடும். கொல்லாமையை முதற்சீலமாக ஏற்றவர்கள் நாம். உபாசகன் செய்யத்தகாத ஐந்து வாணிபங்களுள் ஆயுத வாணிபத்தையே பகவன் முதலில் வைத்தார். ஆயினும் பகவனே வில்லாளியையும் அம்பு செய்வோனையும் எடுத்துக்காட்டிப் பலமுறை போதித்திருக்கின்றார். வைசாலி நகரில் இலிச்சவி இளைஞர்கள் தொலைவிலிருந்து தாழ்த்துளை வழியே குறி தவறாது அம்பெய்து பழகுவதை ஆனந்தர் கண்டு வியந்து வந்து உரைத்தபோது, நால்வகை வாய்மைகளை ஊடுருவிக் காண்பது அதனினும் அரிய செயல் என்று ததாகதர் விடையளித்ததாகச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. வில் மறைந்து துப்பாக்கி வந்துவிட்ட காலத்தில் நான் துப்பாக்கியைச் சொல்லுகின்றேன், அவ்வளவே.

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில், ஓய்வு பெற்ற காவலர் ஒருவர் நம் உபாசகராக இருக்கின்றார். பழைய 303 ரகத் துப்பாக்கியைக் கையாண்டவர். குறியைச் சரி செய்யும் முறையை அவர்தாம் எனக்கு விளக்கினார். குழலின் முனையில் சிறு தகடு ஒன்று நிற்கும், அது முன்குறி. கண்ணுக்கு அருகில் ஒரு பிளவு இருக்கும், அது பின்குறி. கண், பிளவு, தகடு, இலக்கு ஆகிய நான்கும் ஒரே கோட்டில் அமையவேண்டும். முதலில் தரையிற் படுத்து, துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் தாங்கி, ஒரே புள்ளியை நோக்கி ஐந்து குண்டுகள் சுடுவார்கள். பின்பு பலகையிடம் சென்று துளைகளைப் பார்ப்பார்கள்.

துளைகள் ஐந்தும் ஐந்து பக்கம் சிதறியிருந்தால் குறியைத் தொடவே மாட்டார்கள். அங்கே பெரும்பாலும் சுட்டவனிடம்தான் பிழை. மூச்சை அடக்கவில்லை, விசையை வெடுக்கென்று இழுத்துவிட்டான். ஐந்தும் ஒரு கைப்பிடிக்குள் நெருங்கி விழுந்து, அந்தக் கைப்பிடியே இலக்குக்கு இடப்புறம் ஒரு சாண் தள்ளியிருந்தால், கை உறுதியானது, மூச்சு அடங்கியது, குறிதான் கோணியது என்று கொள்வார்கள். அவ்விரண்டு குறிகளுக்கும் இடையே ஏறக்குறைய அரை மீட்டர். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 100 மீட்டர் தொலைவில் குண்டு 20 சென்டிமீட்டர் விலகும். 300 மீட்டரில் ஒரு முழத்துக்கும் மேல்.

எண்வகை நெறியில் நற்காட்சி ஏன் முதலில் நிற்கின்றது என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. காட்சி கோணியவனுக்கு முயற்சி எவ்வளவு உறுதியோ, தவறுவதும் அவ்வளவு உறுதி. வேப்பவித்து மண்ணின் சாரத்தையும் நீரின் சாரத்தையும் உண்டு கசப்பையே விளைவிப்பதுபோல், தீக்காட்சி உடையவனின் செயல் அனைத்தும் துன்பமாகவே முடியும் என்று அங்குத்தர நிகாயம் உரைக்கும். நான் வேலை செய்த ஆலையிலும் அப்படித்தான்; அமைப்புக் கோணிய தறி விரைந்து ஓடினால் கெடும் துணியே மிகுதி.

இத்தீவு மக்களுக்கு இதனை நூல் காட்டிச் சொல்லவேண்டியதில்லை. 1942 மார்ச் மாதத்தில் சப்பானியப் படை இங்கே இறங்கியது. 1943-இல் பிரிட்டிஷ் உளவுக்குழுவொன்று நீர்மூழ்கிக் கப்பலில் இரகசியமாக வந்திறங்கியிருந்தது. அதனை அறியாத சப்பானியர், ஊரில் வாழ்ந்த குற்றமற்றவர்களையே ஒற்றர் என்று பிடித்தார்கள். இந்திய சுதந்திர லீக்கின் தலைவராக இருந்த டாக்டர் திவான் சிங் சித்திரவதைப்பட்டு 1944 சனவரி 14-ஆம் நாள் உயிர் துறந்தார். சனவரி 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர் பலர் புத்தர் கோயில்கள் நிறைந்த நாட்டில் பிறந்தவர்கள் என்பதை நாம் மறைத்துப் பேசலாகாது. அவர்கள் துப்பாக்கிகளின் குறி நேராகவே இருந்தது. அவற்றை ஏந்தியவர்களின் காட்சி கோணியிருந்தது.

இனி நம் வீட்டுக்கு வருகின்றேன். அந்தமானில் சாதி இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றோம். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளை நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கின்றார்கள். நம் உபாசகர் ஒருவர் பௌர்ணமி தவறாமல் வருகின்றவர், ஐந்து சீலமும் காப்பவர், கள் தொடாதவர், தானம் கொடுப்பதில் முதல்வர். அவருடைய மகளை ராஞ்சிக் குடியைச் சேர்ந்த இளைஞன் மணம் கேட்டான். காடு திருத்தச் சோட்டா நாகபுரியிலிருந்து கூலியாகக் கொண்டுவரப்பட்ட ஆதிவாசிகளின் வழிவந்தவன், படித்தவன், நம் கூட்டங்களுக்கு வருகின்றவன். "அவர்களோடு நாம் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதா?" என்று கேட்டார் தந்தை. நம் பாட்டன்மாரைப் பார்த்து ஊரார் கேட்ட அதே கேள்வி! குண்டு ஐந்தும் நெருங்கித்தான் விழுந்திருக்கின்றன, அன்பர்களே. ஒரு சாண் தள்ளி.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த பௌர்ணமிக்கு இருமடங்கு தானம் கொடுத்தார். இதற்கும் காவலர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். குண்டு இடப்புறம் போகின்றது என்று அறிந்த சோம்பேறி, குறியைத் திருத்தாமல், இலக்குக்கு வலப்புறம் பார்த்துச் சுடுவானாம். ஒரு தொலைவில் அது பலிக்கும். தொலைவு மாறினால் மீண்டும் தவறும். திருத்தும் முறையோ வேறு. குண்டு இடப்புறம் விழுந்தால் முன்குறியையும் இடப்புறமே தள்ளவேண்டும். அப்போதுதான் குழல் வலப்புறம் திரும்பும். எனக்கு முதலில் இது தலைகீழாகத் தோன்றிற்று. பின்பு, குற்றத்தைக் குற்றமென்று கண்டு முறைப்படி திருத்திக்கொள்வதே வளர்ச்சி என்று பகவன் சொன்னதோடு வைத்துப் பார்த்தேன். தவறிய பக்கத்தை நோக்கியே போகவேண்டும். அங்கே போக நாணுகின்றோம்.

அந்தத் தந்தையிடம் இவையனைத்தையும் தனியே சொன்னேன். பேர் சொல்லாமல் இங்கும் சொல்லிக்கொள்ள அவரே இசைந்தார். கூட்டத்தில் ஓர் இளங்காவலர், "பௌத்தன் துப்பாக்கி ஏந்தலாமா?" என்று கேட்டிருக்கின்றார். சேனாபதி சீகன் பகவனைச் சரணடைந்த வரலாற்றில், அவனைப் படையைவிட்டு விலகச் சொன்னதாக நான் காணவில்லை. கொல்லும் சிந்தையோடு போர்க்களத்தில் மடிபவன் நற்கதி அடையான் என்று வேறோரிடத்தில் ஒரு போர்வீரனிடம் உரைத்ததும் உண்டு. இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் விரிவாகப் பேசுவோம்.

பெண்ணின் தந்தை இன்னும் விடை சொல்லவில்லை. தை மாதம் வரை காத்திருப்பதாகப் பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருக்கின்றார்கள்.