சாமுவேலுக்கு முந்தைய சாப்பாடு

சீலோவில், பிள்ளையில்லாத அன்னாள் ஜெபிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆசாரியன் ஏலி. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி அதட்டுகிறார். கர்த்தருடைய சந்நிதியிலேயே முதுமையை எட்டியவர் அவர். கண்முன் நடக்கும் ஜெபம் அவருக்கு ஜெபமாகத் தெரியவில்லை.

வீட்டிலும் அவளுக்கு இடமில்லை. சக்களத்தி பெனின்னாள் வருஷாவருஷம் குத்திக்காட்டி அழவைக்கிறாள். எல்க்கானா நல்ல கணவன்தான், அன்னாள்மேல் பிரியமும் உண்டு. ஆனாலும் பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலில்லையா என்றுதான் அவனுக்குக் கேட்கத் தெரிகிறது. அன்பாகத்தான் கேட்கிறான், அதைக் கேட்டபின் அவள் எப்படி அழுவாள்? அவள் பதில் சொன்னதாக எழுதப்படவில்லை.

ஏலியிடம் மட்டும் மறுக்கிறாள். குடிக்கவில்லை ஐயா, மனசில் இருந்ததைக் கர்த்தர் முன்னால் கொட்டினேன் என்கிறாள். அவர் வாழ்த்தி அனுப்புகிறார். அவள் போய்ச் சாப்பிடுகிறாள். முகத்தில் இருந்த துக்கம் போய்விடுகிறது. குழந்தை சாமுவேல் இன்னும் வயிற்றில்கூட இல்லை.

நம் சபைகளில் சாமுவேல் பிறந்த பிறகுதான் மைக்கைக் கையில் கொடுக்கிறோம். சுகம் கிடைத்தது, வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, ஸ்தோத்திரம். இன்னும் எதுவும் கிடைக்காதவர்கள், எப்படி இருக்கீங்க என்று யாராவது கேட்டால், கர்த்தர் நடத்துறார் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிறார்கள்.

அவர்களுக்கும் வேதத்தில் ஒரு பாட்டு உண்டு: 88-ஆம் சங்கீதம். 18 வசனங்கள், ஏமானின் பெயரில். முறையிடும் சங்கீதங்கள் நிறைய உண்டு, பெரும்பாலும் முடிவதற்குள் எங்காவது நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, இருளிலேயே நின்றுவிடுகிறது. தலைப்பிலோ இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டதாக இருக்கிறது. அப்படியானால் இதையும் கூடிநின்று பாடியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு அல்லேலூயாவை ஒட்டவைக்க யாருக்கும் தோன்றாமல் போனதே பெரிய காரியம்.

முறுமுறுப்பது பாவம் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். எண்ணாகமம் 11-ஐ நிதானமாக வாசித்தால் அங்கே இரண்டு அழுகைகள் இருக்கின்றன. ஜனங்கள் அவரவர் கூடாரவாசலில் நின்று, எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து அழுகிறார்கள். கர்த்தருக்குக் கோபம் மூளுகிறது. அதே அதிகாரத்தில் மோசே அதைவிடக் கடுமையாகப் பேசுகிறார். இந்த ஜனத்தையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், நானா பெற்றேன், இப்படித்தான் நடத்துவீர் என்றால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். வார்த்தையை மட்டும் எடைபோட்டால் வெள்ளரிக்காய் எவ்வளவோ மேல்.

மோசேக்குக் கண்டிப்பு வரவில்லை. மூப்பரில் 70 பேரைக் கூட்டிக்கொண்டு வா, பாரத்தை உன்னோடு அவர்கள் சுமப்பார்கள் என்று பதில் வருகிறது. ஜனங்கள் கேட்டது ஆசைக்கு, மோசே கேட்டது பாரத்துக்கு என்று வித்தியாசம் சொல்லலாம், அது சரிதான். ஆனால் எனக்குப் படுவது வேறு: ஜனங்கள் கர்த்தரைப் பற்றி வாசலில் பேசினார்கள், மோசே அவரிடமே பேசினார்.

அதோடும் மோசே ஓயவில்லை. ஒரு மாதத்துக்கு இறைச்சி தருவேன் என்று கர்த்தர் சொன்னதும் கணக்குப் போட ஆரம்பிக்கிறார். காலாட்களே ஆறு லட்சம் பேர். இருக்கிற ஆடுமாடுகளையெல்லாம் அடித்தாலும் போதுமா?